ஆய்விதழைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது டி.டி.பி. கடையின் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று மாணவர்களிடம் பணம் பறிக்கும் போலி ஆய்விதழ்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் உழைக்கச் சோம்பல்பட்டுக் குறுக்கு வழியில் போகிறார்கள் என்கிற தோரணையில் இருந்தது அந்த எழுத்து. நான் ஈரோடு பெருந்துறை ரோட்டில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை நடத்துபவள். பில் புக், கல்யாணப் பத்திரிகை, தீசிஸ் பைண்டிங் எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் பிஎச்.டி. செய்கிற பிள்ளைகள் பலர் பென் டிரைவோடு கடைசியாக வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். இங்கிருந்து பார்த்தால் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

"அக்கா, இதுக்கு எந்த ஜர்னல் நல்லதுங்க?" என்று கேட்கிறார்கள். நான் படித்தது பி.காம். மஞ்சளிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுத்த கட்டுரைக்கு எந்த இதழ் பொருந்தும் என்று நான் எப்படிச் சொல்வது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் இவை என்று வெளியிட்ட யுஜிசி-கேர் பட்டியல் என்று ஒன்று 2019 முதல் இருந்தது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அதிலும் ஓட்டை உண்டு. நல்ல இதழின் பெயரையும் பதிவெண்ணையும் அப்படியே திருடிப் போலி வெப்சைட் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. நிறுவனம் அதை ஆய்வு நெறியாளரான கைடிடம் தள்ளியது, கைடு மாணவரிடம் தள்ளினார், மாணவர் என்னிடம் வருகிறார்.

கட்டுரையைத் தயார் செய்வதிலும் இதே கதைதான். ஒவ்வொரு இதழும் எழுதுபவர்களுக்கான விதிமுறைகளைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். சுருக்கம் எத்தனை சொல், மேற்கோள் எந்த முறையில், அட்டவணை எங்கே வர வேண்டும், வரிகளுக்கு எண் கொடுக்க வேண்டுமா என்று எல்லாம் அதில் இருக்கும். அதைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் அபூர்வம். ஏனென்றால் திறந்து பார்க்கும்படி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

ஒரு பெண், மஞ்சள் பயிரில் இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் பூஞ்சையை நுண்ணோக்கியில் படமெடுத்துக் கொண்டுவந்தாள். படம் வாட்ஸாப் வழியாக வந்தது. வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும். அதை வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியிருந்தாள். படத்துக்குக் கீழே "400 மடங்கு" என்று போட்டிருந்தது. இழுத்த பிறகு அது 400 மடங்கா? இவ்வளவு நீளம் இத்தனை மைக்ரான் என்று காட்டும் அளவுக்கோடு படத்துக்குள்ளேயே இருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் நீளும், கணக்கு தப்பாது. இதழ் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, கேட்கிறது என்றதும், சாஃப்ட்வேரில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றித் தரச் சொன்னாள். எண்ணை மாற்றினால் இல்லாத புள்ளி படத்தில் முளைக்காது. அச்சில் படம் வரும் அகலம் எட்டரை சென்டிமீட்டர் என்றால், குறுக்கே ஆயிரம் பிக்சலாவது இருந்தால்தான் 300 வரும். லேபுக்குத் திரும்பிப் போய் கேமராவில் இருந்த ஒரிஜினலை எடுத்துவரச் சொன்னேன். அச்சுத் தொழிலில் இருப்பதால் எனக்கு இவ்வளவு தெரிகிறது. அவளுடைய துறையில் இதைச் சொல்ல ஒருவர்கூடவா இல்லை?

அடுத்து நான் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் படத்தைக் கொண்டுவந்து, "அக்கா, இந்த ஒரு கோடு மட்டும் மங்கலா இருக்குதுங்க, கொஞ்சம் கறுப்பாக்கிக் குடுங்க" என்று கேட்பார்கள். படம் முழுவதையும் ஒரே சீராக வெளிச்சமாக்குவதை இதழ்கள் ஒத்துக்கொள்ளும். ஒரு கோட்டை மட்டும் தொட்டால் அது முடிவையே திருத்துவது. கட்டுரை வெளிவந்த பிறகு பிடிபட்டாலும் திரும்பப் பெற்றுவிடுவார்கள். நான் மறுத்தால் அடுத்த கடையில் செய்து தருவார்கள், அது எனக்குத் தெரியும். கேட்கிற பிள்ளையின் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இருக்காது. இது தப்பு என்றே தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

பெயர்ப் பட்டியல் இன்னொரு கூத்து. ஆய்வில் பங்களித்து, எழுத்திலும் திருத்தத்திலும் கைவைத்து, கடைசி வடிவத்தை ஒப்புக்கொண்டு, நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லவும் தயாராக இருப்பவர்தான் கட்டுரையாசிரியர் என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வரையறுத்திருக்கிறது. மற்றத் துறை இதழ்களும் ஏறக்குறைய இதையே பின்பற்றுகின்றன. இங்கேயோ, கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போன பெரியப்பா பெயரைச் சேர்க்கச் சொல்கிற மாதிரி, பிரிண்ட் எடுக்கும் நேரத்தில் போன் வருகிறது. துறைத் தலைவரைச் சேருங்கள், தாளாளரைச் சேருங்கள் என்று. ஆனால் இதழோடு தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் போட மின்னஞ்சல் கேட்டால் ஆளில்லை. என் கடை ஜிமெயிலைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கட்டுரையைப் படித்த வல்லுநர்கள் எழுப்பிய கேள்விகள், பில் புக் ஆர்டர்களுக்கு நடுவே என் இன்பாக்ஸில் வந்து கிடந்தன. நான் கூப்பிட்டுச் சொல்லும்வரை கைடுக்கு அது தெரியாது.

இப்படிப் பழகியவர்களுக்குத்தான் "மூன்றே நாளில் ஏற்பு, உடனே சான்றிதழ்" என்ற மெயில் வருகிறது. கட்டணத்தைத் தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்று நம்புகிறார்கள். அது தொடர் வெளியீட்டுக்குத் தரும் வெறும் அடையாள எண், தரச் சான்று கிடையாது. பணம் கேட்கிற இதழெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று விட்டிருக்கும் நல்ல இதழ்களும் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அவை முதலில் கட்டுரையை வல்லுநர்களுக்கு அனுப்பும், அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த பொய்க் கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பணம் போனால் சம்பாதித்துவிடலாம். ஒரு பையன் மூன்று பருவம் மஞ்சள் காட்டில் நின்று எடுத்த விளைச்சல் கணக்கு அப்படி ஓர் இதழில் போய் மாட்டிக்கொண்டது. விஷயம் புரிந்து கட்டுரையைத் திரும்பக் கேட்டால், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஒருமுறை வெளிவந்ததை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது, அது இரட்டை வெளியீடு ஆகிவிடும். கோவையில் இருக்கும் மெட்ராஸ் வேளாண் மாணவர் சங்கம் 1913-இல் தொடங்கிய ஆய்விதழ், மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல், இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோவை இரண்டு மணி நேரப் பயணம். அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பையனுக்குத் தெரியவில்லை.

படிக்காமல் எழுதவும் வராது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி முதல் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு இருப்பவை சுயநிதிக் கல்லூரிகள். அவை அதில் வரவில்லை. எந்த இதழுக்கு அனுப்புகிறார்களோ அந்த இதழின் ஒரு கட்டுரையைக்கூட முழுதாகப் பார்க்காமல் அனுப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

எனவே கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்கிறேன். பிஎச்.டி. பதிவு செய்த முதல் வருடத்திலேயே இதற்கென்று வகுப்பு வையுங்கள். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி நடத்தும் ஒருநாள் கருத்தரங்கு வேண்டாம். கட்டுரை வெளியிட்ட அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் இதழின் விதிமுறைகளைத் திறந்து வைத்து, மாணவருடைய படத்தையும் அட்டவணையையும் அதற்கேற்பச் சரிசெய்ய வைக்க வேண்டும். எந்த இதழுக்குக் கட்டுரை போகிறது என்பதை நூலகரும் கைடும் சேர்ந்து சரிபார்த்து, எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், தொடர்பு மின்னஞ்சல் கைடுடையதாகவோ மாணவருடையதாகவோ இருக்கட்டும்.

இதனால் என் வருமானம் கொஞ்சம் குறையும். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தப் பத்திரிகை வேலை இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன். டைப்பிங், பிரிண்ட், பைண்டிங் மட்டும் எங்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
பெருந்துறை ரோடு, ஈரோடு.