ஈர்க்குக் கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை தானே செய்து பார்த்துக் கற்கும் பிள்ளைமையக் கல்வி வந்ததும் ஆசிரியருக்கு வேலை குறைந்துவிட்டது என்ற பேச்சு பெற்றோரிடமும், ஏன், ஆசிரியர் ஓய்வறையிலும்கூட அடிபடுகிறது. 1999 இல் இலங்கை முழுவதும் தரம் 1 இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றுக்கும் வகுப்பறையில் இடம் வைத்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவிப்பது குறைந்தது உண்மைதான். வழிகாட்டுவது அதைவிடக் கடினமான வேலை.

42 இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் தரம் 3 இல் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். 2 இல் 7 போகாதென்று 7 இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். "பக்கத்தில் கடன் வாங்கு" என்றால் அன்றைக்கு விடை சரிவரும். அடுத்த கிழமை பழைய 35 திரும்ப வந்து நிற்கும்.

பத்துப் பத்தாகக் கட்டிய நாலு ஈர்க்குக் கட்டும், இரண்டு தனி ஈர்க்கும் பிள்ளையின் கையில் கொடுங்கள். "ஏழு ஈர்க்கு எடுக்கவேணும், தனியாய் இரண்டுதானே கிடக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி பொறுப்பதற்குள் எங்களுக்கு வாய் துடிக்கும். பிள்ளை திகைத்து நின்றால், "ஒரு கட்டுக்குள் எத்தனை இருக்கு?" என்பது போதும். கட்டை அவிழ்த்துவிடும். இப்போது மூன்று கட்டும் பன்னிரண்டு தனி ஈர்க்கும். ஏழு தனி ஈர்க்கையும் ஒரு கட்டையும் எடுத்தால் மிச்சம் 25. அதன்பிறகு கொப்பியில் எழுதட்டும். ஆசிரியரே அவிழ்த்துக் காட்டினால் அது பழையபடி கரும்பலகைப் பாடம்தான்.

குழுவேலை பிழைப்பதும் இப்படித்தான். எட்டுப் பேரை ஒரு மேசையில் இருத்தினால் கெட்டிக்காரப் பிள்ளை செய்ய மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். நாலு பேருக்கு மேல் வேண்டாம். எழுதுபவரும் விளக்கிச் சொல்பவரும் ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். நாளுக்கு ஐந்து பிள்ளைகளைக் குறித்துவைத்துக் கவனித்தால், 35 பேர் உள்ள வகுப்பில் ஏழு பாடசாலை நாட்களில் எல்லோரையும் பார்த்துவிடலாம். யார் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த நாள் பாடத்தை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

தரம் 4 வந்ததும், தரம் 5 இல் எழுதவேண்டிய புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் இவையெல்லாம் ஓரங்கட்டப்படுவது மனதை வருத்துகிறது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகள் பாடக்குறிப்பில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாமல், ஒரு பாடவேளை முழுவதும் பின்வரிசையில் இருந்து, ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்டார், அவற்றில் எத்தனைக்குத் தாமே விடை சொன்னார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆரம்பக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.