ஆபரேஷன், இல்லாவிட்டால் ஆணுறை: எங்களுக்கு வேறு வழியே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மக்கள்தொகை தினத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த குடும்பநலப் பக்கத்தைப் படித்தேன். புதிதாகக் கல்யாணமானவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரை உள்ளவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று பிரித்து, யாருக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று போட்டிருந்தீர்கள். நல்ல பக்கம்தான். ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. நான் அந்தப் பெண்களில் ஒருத்தி. விட்டுப்போனதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது. திருச்செங்கோடு பக்கம், தறிக்கு நூல் சுற்றும் வேலை. முதல் கணவர் ரிக் வண்டியில் போர் போடப் போனவர். வருடத்தில் பாதி நாள் வடமாநிலங்களில்தான் இருப்பார். 2009-ல் மகள் வயிற்றில் இருந்தபோது, நம்பிக்கை மையம் என்கிற எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, பிரசவ வலி வந்ததும் எனக்கு ஒரு நெவிராபின் மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு அதே மருந்து சிரப்பாக. அன்றைக்கு இருந்த ஏற்பாடு அவ்வளவுதான். மகளுக்குத் தொற்று இல்லை, இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். கணவர் போன பிறகு சில வருடம் கழித்து, பாசிட்டிவ் உள்ளோர் கூட்டத்தில் பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. எங்கள் மகன் கொரோனா ஆண்டில் பிறந்தான். அவனுக்கும் தொற்று இல்லை. எனக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, பார்க்கும்போதெல்லாம் கண்டுபிடிக்க முடியாத அளவில்தான் இருக்கிறது.

முதல் பிரசவத்தின்போது எனக்கு இருபது வயது. வார்டில் படுத்திருந்தபோதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கான படிவத்தை நீட்டினார்கள். “உனக்கு எதுக்கு கண்ணு இன்னொண்ணு? இருக்கறதைக் காப்பாத்து” என்றார் ஒருவர். கெட்ட மனதோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன் என்றுதான் அவர் நிஜமாகவே நம்பினார். எங்கம்மா கறாராக வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கையெழுத்துப் போடாமல் வந்தேன். போட்டுவிட்டுப் பிறகு அழுத பெண்களை எனக்குத் தெரியும். 2017-ல் கொண்டுவந்த எச்.ஐ.வி. சட்டம், கர்ப்பமாக இருக்கும் எச்.ஐ.வி. பெண்ணுக்கு எல்லாம் விளக்கி அவள் சம்மதம் வாங்காமல் கருக்கலைப்போ கருத்தடை ஆபரேஷனோ செய்யக்கூடாது என்று சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு படிவத்தை நீட்டுவது குறைந்திருக்கலாம். பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு அது நல்ல வழி, எச்.ஐ.வி. அதற்குத் தடையும் இல்லை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களில் அதுதான் வழக்கம், அதுவும் பெண்ணுக்குத்தான். ஆண்களுக்கான ஆபரேஷனை நவீன வாசக்டமி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தாலும் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். என் கேள்வி வேறு. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள், மூன்று வருடம் கழித்து ஒரு குழந்தை வேண்டும் என்று இருக்கிறவள், இவர்களுக்கெல்லாம் என்ன பதில்?

மகன் பிறந்த பிறகு நான் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கேட்டேன். அந்த மருத்துவமனையில் என் சிகிச்சைக் கார்டைப் பார்த்ததும், “உங்களுக்கெல்லாம் காப்பர்-டி போடக்கூடாது, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும், ஆபரேஷனே பண்ணிக்கோங்க” என்றார்கள். சரி என்று திரும்பி வந்து, எங்கள் கூட்டத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்த அக்காவிடம் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை அவர்தான் எடுத்துச் சொன்னார். எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்கும் எச்.ஐ.வி. பெண்ணுக்குக் காப்பர்-டி தாராளமாகப் போடலாம். நோய் முற்றிய நிலையில் இருந்தால் மட்டும் புதிதாகப் போடுவதைத் தள்ளிவைத்து, சிகிச்சையில் உடம்பு தேறிய பிறகு போட வேண்டும். ஏற்கெனவே போட்டிருப்பவருக்கு நோய் முற்றினாலும், அதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. 380-ஏ என்ற வகை பத்து வருடம் வேலை செய்யும், எச்.ஐ.வி.க்குச் சாப்பிடும் எந்த ஏ.ஆர்.டி. மருந்தும் அதைக் கெடுக்காது. அப்புறம் வேறோர் ஊரில் போட்டுக்கொண்டேன். முதல் சில மாதம் தீட்டு அதிகமாகப் போனது உண்மை, ரத்தம் குறைவாக இருக்கிறவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

காப்பர்-டி போட்டவர்கள் சங்கதி இது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கதைதான் சிக்கலானது, அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

என் தோழி ஒருத்தி, எங்கள் கூட்டத்தில் என்னோடு பாய் விரித்து உட்கார்கிறவள். அவளுக்கு அப்போது எஃபாவிரென்ஸ் சேர்ந்த ஏ.ஆர்.டி. மாத்திரை. ராத்திரி போட்டால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும் என்று நாங்களெல்லாம் சலித்துக்கொண்ட அதே மாத்திரை. நடுவில் டி.பி. வந்து அதற்கும் மருந்து. குழந்தை இப்போது வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் கருத்தடை மாத்திரை வாங்கி ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். அப்படியும் கர்ப்பமானாள். நாள் தவறவிட்டிருப்பாய் என்று அவளைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள், அவள் வீட்டுக்காரர் உட்பட. காரணம் அது இல்லை. எஃபாவிரென்ஸ், டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின் இரண்டுமே கல்லீரலை அதிகமாக வேலை செய்ய வைக்கும் மருந்துகள். கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் கல்லீரல் சீக்கிரமே சிதைத்து வெளியே தள்ளிவிடும். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கும் இதே நிலைமைதான். மாலா-என் கொடுத்த இடத்தில் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லைதான். ஊர் நர்ஸிடம் போய் எனக்கு எச்.ஐ.வி. என்று எப்படிச் சொல்வாள்? அந்த நர்ஸ் அவள் தெருக்காரர்.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை வந்துவிட்டது. அது கருத்தடை ஹார்மோனை இப்படிக் கெடுப்பதில்லை, மாலா-என் சாப்பிடலாம். 2018-ல் இந்த மருந்தைப் பற்றியே ஒரு பயம் கிளம்பியது. கருத்தரிக்கும் சமயத்தில் இதைச் சாப்பிட்ட சில தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் குறை இருந்ததாக போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வில் தெரிந்தது. கருத்தடை செய்துகொண்டால்தான் பெண்களுக்கு இதைத் தருவோம் என்கிற அளவுக்குச் சில நாடுகளில் போய்விட்டது. அடுத்த வருடமே, கூடுதலாகக் கிடைத்த கணக்கை வைத்து, கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் முதல் மருந்தாக இதையே தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பயம் பரவின வேகத்தில் அது தெளிந்த சேதி பரவவில்லை. இன்றைக்கும் எங்கள் கூட்டத்துக்கு வரும் இளம்பெண்கள் இதைக் கேட்கிறார்கள். முதல் மருந்து கேட்காமல் போய் இரண்டாம் கட்ட மருந்து சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அவற்றில் சில கருத்தடை மாத்திரையோடு ஒத்துப்போகாது.

இனி கருத்தடை ஊசி. அந்தரா என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் இலவசமாகத் தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எஃபாவிரென்ஸ் சாப்பிட்டாலும் இதன் வேலை குறையாது. வீட்டில் அட்டை, டப்பா எதுவும் இருக்காது என்பதால், மாமியாரிடமும் நாத்தனாரிடமும் எதையும் சொல்ல முடியாத பெண்களுக்கு இதைவிடத் தோதானது வேறில்லை. ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த ஊசியில் தீட்டு தள்ளிப்போகும், பலருக்கு நின்றே போகும். மற்ற பெண்கள் அதைக் கர்ப்பமோ என்று நினைப்பார்கள். எங்கள் பெண்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார்கள். ஊசியை நிறுத்திய பிறகு கரு தரிக்கப் பல மாதம் ஆகலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஊசி போட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஏற்கெனவே தொற்று உள்ள எங்களுக்கு அது பொருட்டில்லை. கணவருக்கு மட்டும் இருந்து தனக்கு இல்லாத பெண்களுக்கு அது பெரிய கவலை. ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் தொற்று இல்லாத 7,829 பெண்களிடம் ஊசி, காப்பர்-டி, கருத்தடைக் குச்சி மூன்றையும் ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019-ல் முடிவு சொன்னார்கள். ஊசியோ காப்பர்-டியோ தொற்றைத் தடுக்காது என்பதால் அந்தப் பெண்களுக்கு ஆணுறையும் வேண்டும், கணவர் மருந்து விடாமல் சாப்பிடவும் வேண்டும்.

ஆணுறையைப் பற்றிச் சொன்னால் கோபம் வேண்டாம். ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்காமலே கை நிறையத் தருகிறார்கள், நல்லதுதான், பால்வினை நோயையும் தடுக்கும். ஆனால் அதை மாட்டுவது நானில்லையே! குடித்துவிட்டு வருகிற மனிதரிடம் எந்தப் பெண் எடுத்து நீட்ட முடியும்? நடைமுறையில் ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில் வருடத்துக்கு 13 பேர் கர்ப்பமாகிறார்கள் என்பது கணக்கு. காப்பர்-டியில் ஒருவர்கூட முழுசாக வராது. ஆணுறை கிழிந்துபோனால் அவசர மாத்திரை இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் எத்தனை மருந்துக்கடையில் அது கிடைக்கிறது? நீங்களே ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால் எடை பார்க்கிறார்கள், மீதி மாத்திரையை எண்ணுகிறார்கள், சளி இருமல் கேட்கிறார்கள். அதோடு, “இந்த வருஷம் குழந்தை வேணும்னு இருக்கீங்களா, வேண்டாம்னு இருக்கீங்களா?” என்று ஒரு கேள்வி. கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் வைரல் லோடு பார்த்து எப்போது முயற்சிக்கலாம் என்று சொல்லட்டும். வேண்டாம் என்றால், இருக்கிற வழிகள் எல்லாவற்றையும், அவள் சாப்பிடும் மாத்திரையோடு பொருத்திச் சொல்லட்டும்.

இன்னொன்று. உடம்பு சீராக இருக்கிறவர்களுக்கு இப்போது மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே தருகிறார்கள். அந்தரா ஊசியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். இரண்டும் ஒரே நாளில் வருகிறது! ஆனால் ஊசிக்கு வேறு கட்டடம், வேறு வரிசை, வேறு சீட்டு, அங்கே போய் நாலு பேர் காதுபட, “ஏ.ஆர்.டி. கேஸா?” என்று கேட்பதையும் தாங்க வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அந்த ஊசியை ஏ.ஆர்.டி. மையத்திலேயே, அதே நர்ஸ், அதே அறையில் போட்டால் என்ன? ஊசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவும் நான்கு வாரம் தாமதமாகவும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் தேதியைப் பொருத்துவதும் கஷ்டம் இல்லை. சுகாதாரத் துறையில் யார் கண்ணிலாவது இது படட்டும்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம், மகள் பள்ளியில் யாருக்கும் தெரியாது. “வாசகி, நாமக்கல் மாவட்டம்” என்று போட்டால் போதும். இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஊசியை ஒரே இடத்தில் போடும் யோசனையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
நாமக்கல் மாவட்டம்