எந்த ஏடிவி வாங்கலாம்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

சரிவு நிலத்துக்கு ஏடிவி, அதாவது பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து மேடுபள்ளத்தில் ஓட்டும் தடித்த டயர் வண்டி வாங்கப் போகிறாய், மகன் 450 சிசி ஸ்போர்ட் வண்டிதான் வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. ஸ்போர்ட் வண்டி வேகத்துக்கென்றே செய்தது. எடை குறைவு, பின்சக்கர இழுவை மட்டும்தான், செயின், கை கிளட்ச். மணல்மேட்டில் பறக்கும். ஆனால் மூட்டை வைக்கக் கேரியர் இருக்காது. சேற்றில் புதைந்தால் முன்சக்கரம் கைகொடுக்காது.

உன் வேலைக்கு யூட்டிலிட்டி என்கிற பாரம் சுமக்கும் ரகம்தான் சரி. முன்னும் பின்னும் கேரியர், நாலு சக்கர இழுவை, லோ கியர். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றில் இன்ஜினின் இழுவையைக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். பாரத்தோடு மெல்ல ஏறும்போது ஹை கியரிலேயே விட்டால் பெல்ட் வழுக்கிக் கருகிவிடும். அந்த ரப்பர் வாடையை ஒருமுறை முகர்ந்தவன் லோ கியரை மறக்கவே மாட்டான்.

எப்போதும் இரண்டு பேர் போவதென்றால், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சைடு பை சைடு வண்டியைப் பார். ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் கம்பிக்கூண்டு எல்லாம் உண்டு. அகலம் அதிகம், உன் வரப்புப் பாதையில் நுழையுமா என்று அளந்துகொள். ஏடிவியில் சீட் நீளமாக இருக்கிறதே என்று பின்னால் ஆளை ஏற்றாதே. ஓட்டுகிறவன் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தத்தான் அந்த நீளம். இருவர் ஏறவென்றே செய்த மாடல்கள் வேறு.

போன வருஷம் பின்கேரியரில் மருந்துத் தொட்டியை வைத்துச் சரிவில் குறுக்கே போனேன். தொட்டியில் பாதித் தண்ணீர். திரும்பும்போது அது மொத்தமும் பள்ளத்துப் பக்கம் மோத, மேட்டுப் பக்கச் சக்கரம் இரண்டும் எழும்பிவிட்டன. நான் மேட்டுப் பக்கம் குதித்தேன். வண்டி உருண்டது. முந்நூறு கிலோ, செல்வம்! அது என்மேல் விழுந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இப்போது சரிவில் நேராக ஏறுவேன், நேராக இறங்குவேன், குறுக்கே போவதே இல்லை.

மலிவாக வருகிறது என்றாயே, அந்தப் பழைய மூணு சக்கர ஏடிவி வேண்டவே வேண்டாம். சுலபமாகக் கவிழும். அமெரிக்காவில் 1988-லேயே அவற்றின் புது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பேரனையும் பெரிய வண்டியில் ஏற்றாதே. 16 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அவரவர் வயதுக்கென்று செய்த சின்ன வண்டிதான்.

வாங்குமுன் மகனோடு வந்து இரண்டு நாள் என் வண்டியை ஓட்டிப் பார். டயரில் ஐந்தாறு பிஎஸ்ஐ காற்றுதான் இருக்கும், பஞ்சர் என்று நினைத்து ஏற்றிவிடாதே. தொட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றிச் சமதரையில் மெல்லத் திருப்பச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தை அவன் தன் இடுப்பிலேயே உணரட்டும்.

அன்புடன்,
ராமு