கயலுக்கு லேப்டாப் வாங்குமுன்

கோயம்புத்தூர்
ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கு எல்லோரும் நலம். உனக்கு எழுதி எட்டு மாதம் ஆயிற்று. பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய்க்குக்கூட ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துக்கொள். கயலுக்கு மெக்கானிக்கல் கிடைத்ததைப் பெருமாள்தான் போனில் சொன்னான். இதை நீயல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம். மறுநாளே உன் கடிதம் வந்தது. உள்ளே மூன்று லேப்டாப் நோட்டீசுகளை நாலாக மடித்து வைத்திருந்தாய். கோபம் போன இடம் தெரியவில்லை. நம் வகுப்பில் ஒரு பெண்கூட இல்லாத அதே படிப்பில் என் மருமகள் சேர்ந்திருக்கிறாள்! அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு. இரண்டாவது நோட்டீசில் பேனாவால் வட்டம் போட்டு, "இதுதான் பார்க்க லட்சணமா இருக்கு, நீ சரின்னா ஆடித் தள்ளுபடியில் எடுத்துடறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுக்காதே. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்கு.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், கதிருக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். மெல்லிசு, அலுமினிய உடம்பு, ஒன்றரைக் கிலோவுக்குள் எடை. ஐ7 என்றும் ஆர்டிஎக்ஸ் என்றும் பளபளவென்று ஸ்டிக்கர். நாலு கடை ஏறி இறங்கி நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் தெரியவில்லை. பைத்தானுக்கும் ஆட்டோகேடுக்கும் அது திணறவே இல்லை. மூன்றாம் வருடம் ஆன்சிஸ் என்ற அனாலிசிஸ் மென்பொருள் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. "அப்பா, லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா" என்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். கேம்ஸ் ஏற்றி வைத்திருப்பாய், முதலில் அதை எடு என்றேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டும் முடியவில்லை என்று அவன் வந்து நின்றபோது, சாயங்காலமே ஆரம்பித்திருந்தால் முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். ஒரு நாள் இல்லை மாப்பிள்ளை, ஒரு வருடத்துக்கு மேல் இப்படி.

இந்த ஏப்ரலில் அவனுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லருக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடும் வேலை. என் தொழிலே அதுதான் என்பதால் அன்று ராத்திரி அவனோடு மாடி அறையில் உட்கார்ந்தேன். மேலே வெறும் கான்கிரீட் தளம், பத்து மணிக்கும் கூரை அனல் கக்கிக்கொண்டிருந்தது. அறையில் 35 டிகிரி. கணக்கை ஓடவிட்டான். சிப்பின் வெப்பமும் வாட்டும் காட்டுகிற ஒரு சின்ன மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வைக்கச் சொன்னேன். முதல் நிமிடம் நீ பார்த்திருக்க வேண்டும், 80 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு பறந்தது. இரண்டாவது நிமிடத்தில் சிப் 98 டிகிரி. அதோடு சரி. 45 வாட் ஆனது, 32 ஆனது, கடைசியில் 24 வாட்டில் வந்து நின்றது. வேகம் பாதிக்கும் கீழே. விசிறி மட்டும் மாவு மில் மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. நாலு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த கணக்கு பதினொரு மணி நேரம் கேட்டது. விடியற்காலை மூன்று மணிக்குச் சட்டென்று அணைந்தே விட்டது. இடையிடையே சேமித்துக்கொள்ளும்படி நாங்கள் அமைத்து வைக்கவில்லை. எல்லாம் போயிற்று.

"பரவாயில்லப்பா, காலையில காலேஜ் லேப்ல போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். என்மேல் ஒரு சொல் கோபமாக வரவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அன்று ராத்திரி முழுக்க உங்க அப்பா ஞாபகம். லீவு நாட்களில் அவருடைய மோட்டார் ரீவைண்டிங் கடை பெஞ்சில் நாம் உட்கார்ந்திருப்போமே, அப்போது ஒருத்தர் பழைய மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மூன்றாவது தடவையாகக் காயில் கருகிப் போச்சு என்று அழாத குறையாகச் சொன்னார். அப்பா வேட்டி முனையால் பெயர்ப்பலகையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எஸ்1 எங்கய்யா இருக்கு? இது எஸ்2. அரை மணி நேரம் ஓடிட்டு ஆறணும். ராத்திரி பூரா கிணத்துல ஓட்டினா கருகத்தான் செய்யும்" என்றார். நினைவிருக்கிறதா? குதிரைசக்தி எவ்வளவு என்று பார்க்கிறவர்கள், அந்தச் சக்தியை எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று பார்ப்பதில்லை என்று நம் இருவரையும் திரும்பிப் பார்த்தாரே.

லேப்டாப் நோட்டீசில் போடுவதெல்லாம் எஸ்2 கணக்கு. எஸ்1, அதாவது நிற்காமல் ஓடினால் எவ்வளவு தாங்கும் என்பதை, யாரும் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில்லை. இன்டெல்லின் ஐ7-13700ஹெச் சிப்பை எடுத்துக்கொள். அதன் அடிப்படை 45 வாட், டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டிக்கொண்டு பாயும்போது, அதிகபட்சம் 115 வாட். அந்த 115 கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்கப்புறம் எத்தனை வாட்டில் நிலைத்து நிற்கும் என்பது, அத்தனை வாட் வெப்பத்தை அந்த உடம்பால் வெளியே தள்ள முடிகிறதா என்பதைப் பொறுத்தது. 100 டிகிரியை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதால் சர்வீசில் கொடுத்தாலும் "ரிப்பேர் எதுவும் இல்லை சார்" என்று திரும்பி வரும். எங்களுக்கு இரண்டு தடவை அப்படித்தான் வந்தது.

கிராஃபிக்ஸ் கார்டு சமாச்சாரம் இன்னும் மோசம். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயர். ஆனால் அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் அமைக்க என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. ஒன்றரைக் குதிரை மோட்டாரும் ஐந்து குதிரை மோட்டாரும் ஒரே பெயரில் விற்பனைக்கு வந்தால் உன் கடையில் விடுவாயா? நீ வட்டம் போட்ட நோட்டீசில் கார்டின் பெயர் இருக்கிறது, வாட் இல்லை. மெல்லிய உடம்புக்குள் போகிறது என்றாலே குறைந்த வாட்டில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்க்க வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர். மோட்டாரைச் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு வடிவமைக்கிறார்கள், அது உனக்கே தெரியும். லேப்டாப்பின் கையேட்டைப் பிரித்தால் பெரும்பாலும் 35 டிகிரி வரைக்கும்தான் போட்டிருக்கும். கோவில்பட்டியில் சித்திரை, வைகாசி மத்தியானம் உன் வீட்டு மாடியில் எவ்வளவு இருக்கும்? அதே வேலையைச் செய்தால் அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடும்போது சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடத்தான் செய்யும். ஏசி அறையில் 24 டிகிரியில் சோதித்து 88 டிகிரி வந்தது, பிரமாதம் என்கிறார்கள். அதே மெஷின் உன் மாடியில் 98.

உள்ளே எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்று கதிரின் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தோம். நீ பார்த்தால் அரை நாள் கீழே வைக்கமாட்டாய். சிப்பின் மேலிருந்து ஓரத்துக்குப் போகும் தட்டையான செம்புக் குழாய், அதைத்தான் ஹீட் பைப் என்கிறார்கள். திடமான செம்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடைத்திருக்கிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் சிப் பக்கம் சீக்கிரமே ஆவியாகி, ஃபின் என்கிற மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும் முனைக்குப் போய்க் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது. உள்சுவரில் திரி மாதிரி இருக்கும் பொடிச் செம்பு அதை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகிறது. பம்ப் இல்லாமல் ஒரு சுழற்சி! பம்ப் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறவன் நான், அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (ஜெயராஜ் சார்வாளின் ஃபின் சோதனைக்கு நீ கிராஃப் வரைந்த கதையைக் கயலிடம் இன்னும் சொல்லவில்லை. கடலை மிட்டாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை சொல்லமாட்டேன்.)

ஆனால் கதிருடையதில் அந்தக் குழாய் ஒன்றே ஒன்று. ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒன்று கொதித்தால் மற்றதையும் சேர்த்துச் சுடவைக்கும். விசிறியும் ஒன்றுதான். காற்று வெளியே போகும் வழி, திரையின் கீல் பக்கம் ஒரு விரல் நீளம். இத்தனை வருடப் பஞ்சும் தூசியும் அந்த ஃபின்னில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. அது மாதிரி உடம்புக்குள் 80 வாட்டைப் போட்டால் எங்கே போகும்?

அதனால் நான் சொல்வது முதல் நோட்டீசில் இருப்பதை. தங்கச்சி அதைச் செங்கல் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். செங்கல்தான். 2.4 கிலோ, அடாப்டரோடு மூன்று கிலோ வரும். ஆனால் படத்தை உற்றுப் பார், பின்பக்கம் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என்று காற்றுப் போக வழி விட்டிருக்கிறார்கள். இரண்டு விசிறி, தடித்த உடம்பு. அடியில் ஸ்க்ரூ போட்டிருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்யலாம், மெமரியும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இப்போதைக்கு 16 ஜிபி போதும், மூன்றாம் வருடம் 32 ஆக்கிக்கொள்வோம். மெல்லியதில் பலவற்றில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், வாங்கியது வாங்கியதுதான். கயல் தினம் தோளில் சுமக்க வேண்டுமே என்ற கவலை எனக்கும் இருக்கிறது. பேட்டரியும் நாள் முழுக்க வராது, பிளக்கைப் பிடுங்கினால் வேகமும் குறையும். அதை மறைக்கவில்லை. ஹாஸ்டல் மேஜையில் வைத்துவிட்டு, வகுப்புக்கு நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும்.

மூன்றாவது நோட்டீஸ் மேக்புக் ஏர். அருமையான மெஷின், அதில் விசிறியே கிடையாது, சூடும் குறைவு. ஆனால் பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோசுக்கு மட்டும்தான் எழுதப்பட்டது. வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எல்லா வேலைக்கும் இந்தச் சூடு வராது. சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை வரைவது பெரும்பாலும் சிப்புக்குள் கணக்குப் போடும் பல கோர்களில் ஒரே ஒரு கோரைத்தான் ஓட்டும், அதற்கு மெல்லிய லேப்டாப்பே போதும். அனாலிசிஸ் போடும்போதுதான் அத்தனை கோரும் மணிக்கணக்கில் ஓடும். அது வர கயலுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை காலேஜ் லேபிலேயே சமாளித்துவிட்டு அப்புறம் வாங்கினால் அதே காசுக்கு இன்னும் நல்லது வரும் என்பதுதான் என் மனசு. ஆனால் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவரும்போது அவள் மட்டும் வெறுங்கையோடு உட்கார வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய். அதுவும் நியாயம். சரி, இப்போதே வாங்குவோம்.

மதுரையில் வாங்கலாம். வரும் 20ஆம் தேதிக்குப் பிறகு எந்த ஞாயிறு என்று சொல், நான் வந்துவிடுகிறேன். பென் டிரைவில் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைக் கொண்டுவருகிறேன். பத்து நிமிடம் அத்தனை கோரையும் ஓடவைக்கும். இடைவெளி விடாமல் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்போம். இரண்டாவது தடவை மதிப்பெண் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போவோம். ஓடவிடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது நீ கீபோர்டின் மேல் புறங்கையை வைத்துப் பார், மோட்டார் உடம்பில் வைப்பாயே அதே மாதிரி. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நீதான் சொல்ல வேண்டும், அந்தக் கை எனக்கு இல்லை.

வாங்கிய பிறகு கயல் அதைக் கட்டில் மெத்தையில் வைத்து ஓட்டக் கூடாது, அடியில் காற்று இழுக்கும் வழி அடைந்துபோகும். பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு பாட்டில் மூடி வைத்துத் தூக்கிவிட்டால் போதும். ரொம்ப வெயில் நாளில், விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 என்று மாற்றினால் டர்போ நின்றுவிடும். கதிருடையது அப்படிச் செய்த பிறகு 97லிருந்து 81 டிகிரிக்கு இறங்கியது. வேகம் குறையும், ஆனால் ஒரே சீராக விடிய விடிய ஓடும். காயில் கருகாது.

கதிருக்கு இங்கேயே ஒரு டிசைன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போன மாதம் சேர்ந்தான். ரிவ்யூ ஒரு வாரம் தள்ளிப்போய், நல்லபடியாகத்தான் முடிந்தது. அந்த ராத்திரியைப் பற்றியோ, அதற்கு முந்தைய ஒரு வருடத்தைப் பற்றியோ நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை. இரண்டு மூன்று தடவை சாப்பிடும்போது ஆரம்பிக்கப் பார்த்தேன், வாய் வரவில்லை. உன்னிடம் எழுதும்போது எவ்வளவு எளிதாக வருகிறது பார்.

இதை நாளை காலை ஆபீஸ் போகும் வழியில் அவன்தான் தபாலில் சேர்க்கப் போகிறான். உறையை ஒட்டாமல் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

தங்கச்சிக்கும் கயலுக்கும் என் அன்பு.

உன்
சிவா