வதனிக்கு, அளவு நாடாவுடன்

கொக்குவில்

அன்பின் வதனி,

உன் கடிதத்தை உன் தம்பி கொண்டுவந்து தந்தான். ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது, வாந்தியும் நின்றுவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நாங்கள் சுகம். சின்னவள் அடுப்படிவரை தவழ்ந்து வந்துவிடுகிறாள். சோளகம் வீசியும் புழுக்கம் குறையவில்லை. அம்மா பால்சுறாவை இன்னும் விடுவதாக இல்லை. பால் கொடுக்கிறவள் சாப்பிட்டே ஆகவேண்டுமாம்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் முக்கியமாக இந்தப் பதில். பழைய பிராக்கள் இறுகுகின்றன, பெரிதாக ஒன்று வாங்கினால் பிள்ளை பிறந்த பிறகும் அதையே போடலாமா என்று. வேண்டாமடி. உடம்பு ஓர் அளவில் நிற்கிற காலமா இது? மார்பு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பருக்கத் தொடங்கிவிடும். வயிறு மேலேற விலாவும் அகலும். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும்போது மார்பு கல்லுப்போல் இறுகி இன்னும் பெருக்கும். அது அடங்கச் சில கிழமைகள் செல்லும். சிக்கனம் என்று நினைத்து ஒன்றையே வாங்கினால் பாதிக் காலம் தொங்கும், மீதிக் காலம் நெரிக்கும்.

ஆகவே இப்போது இரண்டு வாங்கு. கொக்கியை உள் வரிசையில் மாட்டும்போது சரியாக இருக்கவேண்டும்; விலா விரிய விரிய வெளி வரிசைக்குத் தளர்த்தலாம். பால் கொடுக்கிற பிராவை எட்டாம் மாதத்துக்குப் பிறகு, நீ பிரசவத்துக்காக இங்கே வந்து நிற்கும்போது பார்ப்போம். அதற்குக் கணக்கு நேர்மாறு: வெளி வரிசையில் பொருந்தவேண்டும், பிள்ளை பிறந்தபின் விலா ஒடுங்குமல்லவா. மார்பு இன்னும் பெருக்கும் என்பதால் மார்பை மூடும் கிண்ணத்தில் கொஞ்சம் இடமும் விட்டு வாங்கவேண்டும். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் கிண்ணத்தைத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நடு இரவில் இரண்டு கையும் கேட்கிற கொக்கி பெரிய தொல்லை.

கடைக்காரர்கள் கண்ணால் அளந்து தருவதை மட்டும் நம்பாதே. டவுனில் ஒரு கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 38 என்று நீட்டினார்கள். வீட்டில் அளந்தால் 34! அதனால்தான் நாடா வைத்திருக்கிறேன். மார்புக்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு சுற்று, மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் இன்னொரு சுற்று, இரண்டும் அங்குலத்தில். கீழ்ச்சுற்றுத்தான் 34 என்கிற எண். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலமானால் கிண்ண அளவு ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. கொம்பனிக்குக் கொம்பனி சற்று மாறும், ஆனால் தொடங்க இது போதும். பாரத்தைத் தாங்கவேண்டியது கீழ்ப்பட்டி, தோள்பட்டி அல்ல. கையை உயர்த்தும்போது பட்டி மேலே ஏறினால் தளர்வு. இரண்டு விரல் நுழையாவிட்டால் இறுக்கம்.

பாரிஸிலிருந்து உன் சித்தி அனுப்பிய பொதியில் 90 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்தாயாமே. பிரான்ஸில் 90 என்றால் நமக்கு 34தான். ஜெர்மனியிலிருந்து வந்தால் அதுவே 75 என்றிருக்கும். உறவுகள் எல்லா நாட்டிலும் இருந்தால் இந்தக் கணக்கும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொதியில் கம்பி வைத்தவை இருந்தால் எடுத்து வை. கம்பியோ இறுக்கமான தையலோ ஒரே இடத்தில் அழுத்தினால் பால் குழாய் அடைத்துக் கட்டி விழலாம். அப்படிச் சிவந்து நொந்து காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும், பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது.

நம் வெயிலுக்குப் பருத்திதான் நல்லது. பால் கசிந்தால் உள்ளே வைக்க உன் அம்மாவின் பழைய நூல் சேலையை வெட்டித் தைத்து வை. நனைந்ததும் மாற்றிவிடு, ஈரம் நின்றால் காம்பு புண்ணாகும். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு எதற்கு இந்தச் செலவு என்று மாமி கேட்டால், கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னார் என்று சொல். அவரிடமும் ஒருதரம் கேட்டுவிடு, அப்போது பொய்யாகவும் இராது.

இரண்டு அளவையும் எழுதித் தம்பியிடம் கொடுத்துவிடு. யாழ்ப்பாண நவீன சந்தையில் பார்த்து வாங்கிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அனுப்பிவைக்கிறேன். நிறத்தையும் எழுது, இல்லாவிட்டால் நான் எடுப்பதுதான்.

அன்புடன்,
சுகந்தி