மணி அடிக்கக் கத்துக்கிட்ட நாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குட்டி நாய்களுக்கு வித்தை பழக்குறது பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பின்விளைவைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார். எங்க பொமரேனியனுக்கு ஒன்னுக்கு வந்தா கதவுல தொங்குற மணியை மூக்கால தட்டணும்னு என் பொண்ணு பழக்கிவிட்டா, இப்ப பூனையைப் பாத்தா, மீன்காரர் குரல் கேட்டா, சும்மா போரடிச்சா எல்லாத்துக்கும் மணிதான், கதவைத் திறந்தா வெளிய போகாம பிஸ்கட் டப்பாவையே பாக்குது. மாமியார் மணியைக் கழட்டி பூஜை ரூம்ல வச்சாங்க, தீபாராதனைக்கு அடிச்சா ஓடிவந்து கதவுகிட்ட நிக்குது!

கண்டுக்காம விடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நடுவுல ஒரு தடவை எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்தாலும் போச்சு, எப்பவாவது கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை விடாம பிடிச்சு வைக்கும்னு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாவை வச்சு அப்பவே காட்டிட்டாரு. மணி அடிச்சா சங்கிலி மாட்டி நேரா ஒன்னுக்குப் போற இடத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போகணும், போகலைன்னா விளையாட்டு எதுவும் இல்லாம உள்ள கூட்டிட்டு வந்துடணும். இதையும் சேத்து எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி