அஞ்சல் கோப்பை மொத்தமாக அழிக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வரில் குவிந்துகிடக்கும் மின்னஞ்சல்களை அகற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த குறிப்பு, பயனரின் மடல்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் அஞ்சல் கோப்பையே ஒரு கட்டளையில் காலியாக்கிவிடலாம் என்று வாசகர்களுக்கு வழிகாட்டியிருந்தது. அப்படிச் செய்தால் இடம் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேண்டாத மடல்களோடு வேண்டியவையும் போய்விடும் என்பதையும், அந்த நொடியில் வந்துசேரும் புது மடல்கூடத் தொலைந்துபோகக்கூடும் என்பதையும் அக்குறிப்பு சொல்லாமல் விட்டது வருத்தமளிக்கிறது. கட்டளைகளை அடித்து மடல்களைப் படிக்கவும் நீக்கவும் உதவும் மெயில்எக்ஸ் போன்ற எளிய கருவி கைவசம் இருக்கையில் இந்த முரட்டு வழி எதற்கு?

பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்துவருபவன் நான். கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக இயங்கும் பணிகள், ஓடும் கணினியில் ஒவ்வொரு வேலையும் வெளியிடும் வரிகள் மடலாக வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் தேங்கிவிடும். அவற்றுக்கிடையேதான் வட்டு பழுதாகிறது என்ற எச்சரிக்கையும் கிடக்கும்.

மெயில்எக்ஸில் 'டி' என்று அடித்து மடலின் எண்ணைக் கொடுத்தால் அந்த மடல் உடனே அழிந்துவிடுவதில்லை. நீக்க வேண்டியது என்ற குறி மட்டுமே அதன்மேல் விழுகிறது. 'க்யூ' கொடுத்து வெளியேறும்போதுதான் கோப்பு உண்மையில் மாறும். அதுவரை 'யூ' என்ற கட்டளையால் குறியை எடுத்துவிடலாம். எல்லாமே தவறிவிட்டது என்று தோன்றினால் 'எக்ஸ்' கொடுத்து, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம். இந்த 'எக்ஸ்' ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. பேக்கப் முடிந்ததாக வந்த மடல்களை ஒருசேர நீக்க எண்ணி, 'டி' என்பதை அடுத்துச் சாய்கோடும் பேக்கப் என்ற சொல்லும் இட்டேன். பொருள் வரியில் அச்சொல் வரும் எல்லா மடல்களையும் அது பிடிக்கும் என்பதால், பேக்கப் தோல்வி என்று அறிவித்த மடல்களும் சேர்ந்தே சிக்கிக்கொண்டன. அன்றிலிருந்து, அதே சொல்லை முதலில் 'எஃப்' கட்டளைக்குக் கொடுத்து, எவையெல்லாம் பிடிபடுகின்றன என்று தலைப்புகளைப் பார்த்த பிறகே 'டி' அடிக்கிறேன்.

குறியிடுவது ஒரு படி, நீக்குவது வேறொரு படி என்ற இந்த ஏற்பாடு ஒரு கருவிக்கு மட்டும் உரியதன்று. மட் என்ற மற்றொரு மடல் நிரலிலும் 'டி' குறி மட்டுமே இடும். சர்வரிலுள்ள மடல்களைக் கையாள உதவும் ஐமேப் நெறிமுறையிலும் நீக்கக் குறி பெற்ற மடல், அதை உண்மையில் அகற்றும் எக்ஸ்பஞ்ச் போன்ற கட்டளை வரும்வரை பெட்டியிலேயே இருக்கும். சர்வரிலிருந்து மடல்களை இறக்கிக்கொள்ளும் பாப்3 நெறிமுறைக்கு 1996இல் வெளியான வரையறையோ இன்னும் கண்டிப்பானது: பயனர் முறைப்படி க்விட் கொடுத்து விடைபெறாமல் இணைப்பு அறுந்தால், சர்வர் எந்த மடலையும் நீக்கக் கூடாது என்கிறது. கை தவறுவது இயல்பு என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த விதி இது. அஞ்சல் கோப்பை நேரடியாகக் காலியாக்குபவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் தாண்டிச் சென்றுவிடுகிறார்.

புதியவர்கள் குழம்பும் இன்னொரு இடமும் உண்டு. 'க்யூ' கொடுத்ததும், படித்துவிட்டு நீக்காமல் விட்ட மடல்கள் வழக்கமாகப் பயனரின் இல்ல அடைவிலுள்ள (அவருக்கான சொந்தக் கோப்புறையிலுள்ள) எம்பாக்ஸ் என்ற கோப்புக்கு நகர்ந்துவிடும். அடுத்த முறை திறக்கையில் அவற்றைக் காணாமல், அழிந்துவிட்டன என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஹோல்ட்' என்ற அமைப்பை இயக்கிவைத்தால் அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே அக்குறிப்பைத் திருத்தி, 'டி', 'யூ', 'க்யூ', 'எக்ஸ்' ஆகிய நான்கு கட்டளைகளையாவது விளக்கி மீண்டும் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முந்தைய குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் கண்ணிலும் படும்படி, அதே பகுதியில் அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியிலுள்ள ஒரு வாசகர்